செவ்வாயும் வெள்ளியும் கடை பூட்டியிருக்கும்

ஜூன் 1, சனி

கத்தாதே, தெருவுக்கே கேட்கிறது, வேண்டுமானால் எழுது என்று வீட்டுக்காரர் இந்த டைரியை எடுத்துக் கொடுத்தார். என் கம்பெனி டீலர்களுக்கு நான் கொடுத்து மிஞ்சியது. சரி, எழுதுகிறேன். ஆனால் கத்துவதையும் விடுவதாக இல்லை.

காலை ஏழு மணிக்கே ஆரம்பித்துவிட்டது. வாயில் பிரஷ்ஷோடு போனை எடுத்தால், காங்கேயம் டீலர் சென்னியப்பன் அண்ணன்.

"ஏனம்மிணி, எனக்கு இன்னைக்குப் பொறந்த நாளாமா? கேக்குப் படம் போட்டு உங்க கம்பெனிக்காரன் அனுப்பியிருக்கறான். நான் எப்பப் பொறந்தேன்னு எங்காத்தாளுக்கே தெரியாது. உங்களுக்கு ஆரு சொன்னது?"

அவராவது சிரித்தார். அடுத்து வந்தது வெள்ளகோவில் அர்த்தநாரி அண்ணன் மகன். "அப்பா போய் எட்டு மாசமாச்சுங்க்கா. நூறாண்டு வாழ்கன்னு மெசேஜ் வந்திருக்குது. அம்மா பாத்துட்டு அழுதுட்டு இருக்குது. அறிவு வேண்டாமுங்களா?" மன்னிப்புக் கேட்டேன். யாரோ அனுப்பியதற்கு நான் மன்னிப்பு.

மொத்தம் பத்தொன்பது டீலர்களுக்கு இன்று பிறந்தநாள். எல்லாம் பள்ளிக்கூடத்து வாத்தியார் போட்ட தேதி. ஐந்து வயது ஆகியிருந்தால்தான் ஜூனில் சேர்க்க முடியும் என்பதால், வந்து நின்ற பிள்ளைக்கெல்லாம் ஒரே தேதியை எழுதிவிட்டுப் போன புண்ணியவான்கள். அது ஆதாருக்குப் போய், அங்கிருந்து எங்கள் கம்பெனியின் புது ஆப்புக்குப் போய், கேக்காக வெளியே வந்திருக்கிறது. 'வாடிக்கை' என்று அந்த ஆப்புக்குப் பெயர். வாடிக்கையாளர் ஒருத்தர் விடாமல் அத்தனை பேரைப் பற்றியும் அதில் இருக்க வேண்டுமாம்.

தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில், காங்கேயம் என்று நாலு ஊர் ரோட்டிலும் பதினோரு வருசமாக ஸ்கூட்டரில் அலைந்து தேனருவி கம்பெனியின் போர்வெல் மோட்டார் விற்கிறேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கோயமுத்தூர் ஆபீஸில் இருக்கும் மேனேஜர் சஞ்சீவுக்குப் போன் போட்டுத் திட்ட ஆரம்பித்தால், அவன் முந்திக்கொண்டான்.

"மேடம், பத்தொன்பது மெசேஜுக்குப் பதினேழு ரிப்ளை! ரெஸ்பான்ஸ் செம!"

அந்த ரிப்ளையில் என்ன இருக்கிறது என்று படித்தானா படுபாவி. "சார், எங்கிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. ஒவ்வொருத்தரைப் பத்தியும் எனக்கு அத்துப்படி" என்றேன்.

"அப்போ அதையெல்லாம் உள்ளே போடுங்க மேடம். உங்க தலைக்குள்ளேயே இருந்தா கம்பெனிக்கு என்ன யூஸ்?"

போனை வைத்தேன். அவன் சொன்னது நியாயம் மாதிரியும் பட்டது.

ஜூன் 4, செவ்வாய்

மதியம் மூன்று மணி நேரம் போனில் பயிற்சி. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பக்கம். பெயருக்குப் பக்கத்தில் ஒரு வட்டம். கட்டங்களை நிரப்ப நிரப்ப வட்டம் பச்சையாகும். குடும்பம், உடல்நிலை, பழக்கவழக்கம், பலம், பலவீனம், அவரிடம் மோட்டார் வாங்கும் மெக்கானிக்குகள். எல்லாம் நிரம்பினால் நூறு சதவீதம். மாத முடிவில் முதலிடத்துக்குப் பாராட்டு.

"பலவீனம் எதுக்குங்க சார்?" என்று கேட்டேன்.

"சப்போர்ட் பண்ணத்தான் மேடம். அவங்களுக்கு எங்க கஷ்டம்னு தெரிஞ்சாத்தானே நாம கை கொடுக்க முடியும்?"

அதற்குள் குக்கர் மூன்று விசில் விட்டு, பருப்பு அடிபிடித்துவிட்டது. இவன்களுக்கு மதியச் சாப்பாடே கிடையாதா?

ஜூன் 9, ஞாயிறு

மாவு அரைத்தேன். பாப்பாவின் யூனிபார்முக்குப் பட்டன் தைத்தேன். பதினான்கு பக்கம் நிரப்பினேன். ஆளுக்கு இருபது நிமிடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு யார் பதில் சொல்வார்கள்?

சென்னியப்பன் அண்ணனுக்கு: சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பேசிப் பயனில்லை, பிராந்தி. தம்பியோடு பேச்சு வார்த்தை கிடையாது. எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். பொய் ஒன்றும் இல்லை.

ஜூன் 13, வியாழன்

மூலனூர் போனேன். தெய்வானை அக்காவின் கடை. போர்டில் 'நல்லசாமி எலெக்ட்ரிகல்ஸ்' என்று அவர் வீட்டுக்காரர் பெயர் இருந்தாலும் கடை அக்காதான். ஒன்பது வருசமாக மூலனூர் வட்டாரத்துக்கு எங்கள் ஒரே டீலர். வேறு யாருக்கும் அங்கே எங்கள் மோட்டார் கிடையாது.

நல்லசாமி அண்ணன் உள்ளே கட்டிலில் படுத்திருந்தார். மூஞ்சி ஊதியிருந்தது. மார்ச்சில் ஒரு நாள், பஸ் போய்விட்டது என்று நான்தான் அக்காவை ஸ்கூட்டரில் வைத்து வெள்ளகோவில் வரை கொண்டுபோய் ஈரோட்டு பஸ் ஏற்றிவிட்டேன். அன்றைக்கு வழியில் சொன்னதுதான். கிட்னி. வாரம் ரெண்டு நாள் ஈரோட்டில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் கடையைப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் ஈரோட்டில் இடம் வாங்குகிற வேலை என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆள் வைத்தால் ஆளுக்குத் தெரியும், ஆளுக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும்.

"தெரிஞ்சா என்னுங்க்கா, நோவு வராத ஆளு உண்டா?" என்றேன்.

"நீ வேற கோகிலா. ஆயிரம் அடி ஆழத்துல எறக்கற மோட்டாரு. ரிப்பேருன்னா நாளைக்கு ஆருகிட்ட வந்து நிக்கறதுன்னுதான் பாப்பாங்க. ஆளே இருப்பானோ என்னமோங்கற கடைக்கு ஒரு மெக்கானிக்கும் வரமாட்டான். மெக்கானிக்கு வராட்டி தோட்டத்துக்காரரும் வரமாட்டாரு. உங்கிட்ட மட்டுந்தான் சொல்லியிருக்கறேன். மூச்சு விட்றாத."

நிலக்கடலை வறுத்து ஒரு பொட்டலம் கொடுத்தார். பாப்பா ராத்திரியே தின்று தீர்த்துவிட்டாள்.

ஜூன் 21, வெள்ளி

ஸ்கூட்டர் கிளட்ச் ஒயர் அறுந்து, வெயிலில் இரண்டு கிலோமீட்டர் தள்ளினேன். சஞ்சீவிடமிருந்து மெசேஜ்: 'நீங்கள் இப்போது இரண்டாம் இடம். பொள்ளாச்சி ராகவ் முதலிடம்.' ராகவாம் ராகவ். ஒன்றரை வருசம்கூட ஆகவில்லை அவன் சேர்ந்து. அவனுக்கு என்ன தெரியும் டீலரைப் பற்றி?

ஜூன் 28, வெள்ளி

மூலனூரும் நூறு சதவீதம். இருநூற்றுப் பன்னிரண்டு வட்டமும் பச்சை. முதலிடம். பாயசம் வைத்தேன்.

ஜூலை 5, வெள்ளி

குரூப்பில் என் போட்டோ. 'கோகிலவாணி மேடம், வாடிக்கையாளர் அறிவின் அரசி'. கைதட்டும் படம் நாற்பது. பழைய போட்டோ, அதில் நான் குண்டாக இருக்கிறேன். ராகவ் மட்டும் கைதட்டவில்லை. தட்டாமல் போகட்டும்.

ஜூலை 23, செவ்வாய்

ஆப்பில் புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. கடைகளுக்கு இப்போது வண்ணம் உண்டு. பச்சை, மஞ்சள், சிவப்பு. நாம் எழுதியதை அதுவே படித்து அதுவே போடுமாம். என் பகுதியில் ஒரே ஒரு சிவப்பு. மூலனூர்.

சஞ்சீவுக்குப் போன் போட்டேன். "சும்மா இண்டிகேட்டர் மேடம், டென்ஷன் ஆகாதீங்க" என்றான். சும்மா என்றால் எதற்கு சிவப்பு?

கேஸ் வந்துவிட்டது. சிலிண்டரை உள்ளே தூக்கி வைக்க ஆளில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

எழுத எழுதத் தாள் கிழிகிறது. ஆத்திரத்தில்.

மூலனூர் கல்யாண மண்டபத்தில் இன்று கம்பெனி மெக்கானிக்குகள் கூட்டம் நடத்தியிருக்கிறது. என் பகுதி. எனக்குச் சொல்லவில்லை. தெய்வானை அக்கா கடையில் மோட்டார் எடுக்கும் இருபத்தாறு மெக்கானிக்குகளுக்கும் ஆள் ஆளாகப் போன் போட்டுக் கூப்பிட்டு, பிரியாணி போட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வரப்போகும் புது டீலரைக் கையைப் பிடித்து அறிமுகம் செய்திருக்கிறார்கள். இனி தேனருவி மோட்டார் அந்தக் கடையில்தான். செவ்வாய்க்கிழமை பார்த்து. அக்கா ஈரோட்டில், ஆஸ்பத்திரியில், அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து.

ஒரு மெக்கானிக் எனக்குப் போன் செய்தான். "அந்தண்ணனுக்குக் கிட்னி போயிருச்சாமாங்க்கா? மேடையிலயே சொன்னாங்க. 'சர்வீஸ் கேட்டு உங்களை அலைய விடமாட்டோம்'னு."

மேடையில்! மைக்கில்!

சஞ்சீவுக்குப் பதினொரு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. எடுத்தபோது நான் கத்தியது அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "மேடம், எல்லாம் உங்க டேட்டாதானே. நான் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கலை."

மனிதனா இவன். ஒரு தாய் பெற்ற பிள்ளையா. தட்டை வீசினேன். எவர்சில்வர், நெளிந்துவிட்டது.

ஆகஸ்ட் 14, புதன்

அக்காவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

உண்மையைச் சொன்னால், அக்கா மீதும் எனக்குக் கோபம்தான். ஆளுக்கு ஆள் சொல்லாதே என்றால் அர்த்தம் உண்டு. ஆப்பில் எழுதாதே என்று சொன்னாரா? அப்படி ஒன்று இருப்பதே அவருக்கு எப்படித் தெரியும்?

இதை எழுதிவிட்டுப் பார்க்கிறேன். எனக்குத் தெரியுமே.

ஆகஸ்ட் 19, திங்கள்

மூலனூர் போனேன். கடையில் ஒரு ஈ காக்கை இல்லை. திங்கட்கிழமை சந்தை நாள். எப்போதும் நிற்க இடமிருக்காது.

அக்கா ஏறிட்டுப் பார்க்காமல் ஒரு ஒயர் சுருளைப் பிரித்துப் பிரித்துச் சுற்றிக்கொண்டிருந்தார். "கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டேன், நீ போனுல எழுதுனதுதாங்கறான். என்ன எழுதுன?" என்றார்.

"அக்கா..."

"உன் போனுலதான இருக்குது? படி."

படித்தேன். அவர் எதிரில் நின்றுகொண்டு, வரி வரியாக. "கணவருக்குச் சிறுநீரகக் கோளாறு. ஈரோட்டில் சிகிச்சை. செவ்வாயும் வெள்ளியும் கடை பூட்டியிருக்கும். ஊருக்குத் தெரியாது. மகன் இல்லை. கடையைத் தொடர்ந்து நடத்துவது சந்தேகம்."

"சந்தேகம்னு நான் சொன்னனா?"

"இல்லீங்க்கா."

"அவரு சொன்னாரா?"

"இல்லீங்க்கா."

"அப்பறம் ஆரு சொன்னது?"

"நானா எழுதுனதுங்க்கா."

ஏன் என்று கேட்டார். சொன்னேன். பலவீனம் என்ற கட்டத்தில் ஏதாவது போட வேண்டும். போடாவிட்டால் வட்டம் தொண்ணூற்று இரண்டில் நின்றுவிடும். அந்த எட்டு சதவீதம் இருந்தால் பொள்ளாச்சிக்காரனை முந்திவிடலாம். வாயால் சொல்லும்போதுதான் அது எவ்வளவு கேவலம் என்று எனக்கே காதில் விழுந்தது. ஜூன் 28 அன்று இந்த டைரியில் பாயசம் வைத்ததை எழுதினேன். இதை எழுதவில்லை.

"அழி அதை."

"அழிக்க முடியாதுங்க்கா. திருத்தலாம். ஆனா பழசும் கீழயே இருக்கும்."

அக்கா ஒயர் சுருளைக் கீழே வைத்தார். "ஊருக்குத் தெரியாதுன்னு வேற எழுதியிருக்கற. ஊருக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சும் எழுதியிருக்கற. இப்படி எத்தனை பேரைப் பத்தி எழுதி வெச்சிருக்கற?"

"இருநூத்திப் பன்னெண்டு."

"அவீங்களுக்குத் தெரியுமா?"

உள்ளே அண்ணன் இருமுவது கேட்டது. அக்கா எழுந்து, "போ. என்ற கடைப்படியில நிக்காத" என்றார். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

எனக்குப் பதவி உயர்வாம். ஏரியா மேனேஜர். மூலனூரில் அவர்கள் செய்ததற்கு 'மூலனூர் மாதிரி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அடுத்த மாதம் கோயமுத்தூரில் எல்லோருக்கும் முன்னால் நான் அதை விளக்க வேண்டுமாம். எழுதினால் எப்படி விற்பனை ஏறுகிறது என்று.

வீட்டுக்காரர், "யோசிச்சு முடிவெடு" என்றார். அவரையும் திட்டினேன். பாவம், அவர் என்ன செய்தார்.

செப்டம்பர் 2, திங்கள்

யோசித்தாயிற்று. நாளையிலிருந்து போகிறேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

முதலில் சென்னியப்பன் அண்ணன். போனைத் திறந்து அவர் பக்கத்தைக் காட்டி, "உங்களைப் பத்தி நான் இப்படி எழுதி வெச்சிருக்கறனுங்ணா. கோயமுத்தூர்ல இருக்கறவங்க எல்லாம் படிக்கலாம்" என்றேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். ரொம்ப நேரம் படித்தார், இருப்பதே நாலு வரி.

"ஆறு மணிக்கு மேல பேசிப் பயனில்லைன்னு போட்டிருக்கற. நெசந்தான்" என்றார். "பதினோரு வருசமா வந்து போறியே அம்மிணி, ஏன் குடிக்கறீங்கன்னு ஒரு நாளாச்சும் கேட்டியா?"

இல்லை. கேட்கவில்லை. அதற்குக் கட்டம் இருந்திருந்தால் கேட்டிருப்பேனோ என்னவோ.

அடுத்து வெள்ளகோவில். அர்த்தநாரி அண்ணன் மகனுக்கு நான் எழுதியிருந்தது: 'அனுபவமில்லாதவர். அழுத்திச் சொன்னால் ஒப்புக்கொள்வார்.' அவன் படித்துவிட்டுப் போனைத் திருப்பி என் கையில் வைத்தான். "உங்களை அக்கான்னுதானுங்க கூப்பிட்டேன்" என்றான். அவன் அம்மா எனக்குக் கொண்டுவந்த டீயை அவனே வாங்கிக் கொல்லையில் ஊற்றினான்.

இன்று பதினேழு பேர்.

செப்டம்பர் 6, வெள்ளி

இதுவரை அறுபத்தொன்று. மூன்று பேர் கதவைச் சாத்தினார்கள். ஒருவர் கெட்ட வார்த்தை சொன்னார். ஒருவர் தன் வரியைப் படித்துவிட்டுச் சிரித்து, பக்கத்துக் கடைக்காரனுக்கு என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்டார். அவரைத்தான் எனக்குப் பொறுக்க முடியவில்லை. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன்.

நான்கு மணிக்கு ஆப் திறக்கவில்லை. 'உங்கள் அனுமதி நிறுத்தப்பட்டுள்ளது.'

மீதி நூற்று ஐம்பத்தோரு பேருக்குப் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் பக்கத்தில் என்ன எழுதினேன் என்று பார்க்க வேண்டியதில்லை. அத்தனையும் மனப்பாடம். அதுதானே என் பெருமை.

செப்டம்பர் 12, வியாழன்

எங்கள் பக்கத்தைக் காட்டு என்று நாற்பது டீலர்கள் ஒரே நாளில் கோயமுத்தூருக்குப் போன் போட்டிருக்கிறார்கள். பதினைந்து பேர் அடுத்த ஆர்டரை நிறுத்திவிட்டார்கள். எனக்கு வேலை நீக்கக் கடிதம் வந்தது. காரணம்: 'நம்பிக்கைத் துரோகம்.'

வார்த்தை சரிதான். யாருக்குச் செய்தேன் என்பதில்தான் தப்பாகப் போட்டிருக்கிறார்கள்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே புதுக் கடை திறந்துவிட்டது. பலூன் கட்டியிருக்கிறார்களாம். நான் செய்த எதுவும் அதை மூடவில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

ரேஷன் கடை வரிசையில் ஒரு மணி நேரம். பாமாயில் இல்லை. சண்டை போட்டேன்.

அக்காவின் கடையில் வேறு கம்பெனியின் போர்டு ஏறியிருக்கிறது என்று கூட்டத்தன்று போன் செய்த மெக்கானிக் சொன்னான். எட்டு மெக்கானிக்குகள்தான் அவரோடு நின்றிருக்கிறார்கள். செவ்வாய், வெள்ளியில் கடை பூட்டியிருப்பதால் அந்த எட்டும் ஆட்டம் காண்கிறதாம்.

அக்டோபர் 7, திங்கள்

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தெய்வானை அக்கா போன். ஏழு வாரம் கழித்து. எடுத்தேன்.

"இருக்கறியா?"

"இருக்கறனுங்க்கா."

"நாளைக்குச் செவ்வாக்கெழம. கடை தொறந்திருக்கோணும். ஒம்போது மணிக்கு வந்து சாவி வாங்கிக்க."

"அக்கா, நான்..."

"பேசாத. உன்னய மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத. எனக்கு இன்னும் வவுறு எரியுது, சாகற வரைக்கும் எரியும். ஆனா எந்த மோட்டாருக்கு எந்த ஸ்டார்ட்டருன்னு தெரிஞ்ச ஆளு எனக்கு வேற இல்ல. நீ கெடுத்தது, நீயே வந்து உக்காரு."

வைத்துவிட்டார். வரச் சொல்கிறாரா, தண்டனை கொடுக்கிறாரா என்று வீட்டுக்காரர் கேட்டார். ரெண்டும்தான் என்றேன். அவரிடம் இன்று கத்தவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

எட்டே முக்காலுக்கே போய்விட்டேன். அக்கா சாவியை என் கையில் கொடுக்காமல் மேஜை மேல் வைத்தார். அண்ணனைக் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றும்போது நான் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று அக்கா தலையை ஆட்டினார். கார் போனது.

கடையைக் கூட்டினேன். ஒன்பது வருசத்தில் அந்தக் கல்லாவுக்குப் பின்னால் நான் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. மதியம் வரை இரண்டே பேர், ஒரு ப்யூஸ் ஒயர், ஒரு டேப். எதிரே யார் போனாலும் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். என்னை யார் என்று எல்லோருக்கும் தெரியும். பார்த்தால் பார்க்கட்டும் என்று வெளியிலிருந்து தெரிகிற மாதிரியே உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மணி இருக்கும். கன்னிவாடிப் பக்கத்திலிருந்து ஒரு தோட்டத்துக்காரர் வந்தார். வேட்டியில் செம்மண். மோட்டார் எரிந்துவிட்டதாம், தக்காளி காய்கிறதாம். பேசிக்கொண்டே கடையைச் சுற்றிப் பார்த்தார். உள்ளே காலியாகக் கிடந்த கட்டிலைப் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

"நல்லசாமிக்கு என்னமோ பெரிய சீக்குன்னு பேசிக்கறாங்களே. நெசமாங்க? எத்தனை நாளைக்குத் தாங்குமாம்?"

எனக்குத் தெரியும். எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணி நேரம், டாக்டர் என்ன சொன்னார், எது சாப்பிடக் கூடாது, எல்லாம் தெரியும். அவர் நல்ல மனிதராகவும் இருந்தார். கேட்ட விதத்தில் ஒரு பரிவுகூட இருந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன். "போரு எத்தனை அடிங்க?"